நான்கு பெட்டிகளில் இரண்டு ஒரே மாதிரிப் பழுதாகின: உற்பத்திக் குறையா, எங்கள் பாவனையா?

களுவாஞ்சிகுடி ஒலிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் ஒலி அமைப்பை வாடகைக்கு விடும் சிறு தொழில் செய்துவருகிறேன். கோயில் சடங்கு, கலியாண வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி, அவ்வப்போது ஒரு கூத்து என்பவையே என் வேலைகள். கடந்த ஐப்பசியில், உள்ளேயே அம்ப் பொருத்தப்பட்ட 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் நான்கைக் கொழும்பிலுள்ள ஓர் இறக்குமதியாளரிடம் ஒரு வருட உத்தரவாதத்துடன் வாங்கினேன். கொம்பனியின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. பெயரைப் பகிரங்கமாக இழுத்தால் பேச்சுவார்த்தை முறிந்துவிடும் என்பது ஒரு காரணம். பிழை என் பக்கத்திலும் இருக்கலாம் என்ற ஐயம் இன்னொரு காரணம்.

முதலாவது பெட்டி வைகாசியில், எங்கள் பகுதிக் கண்ணகி அம்மன் கோயிலொன்றின் சடங்கின்போது பழுதானது. குளிர்த்திப் பாடல் தொடங்கச் சற்று முன்னர், ஒன்றரை மணித்தியாலம் ஒழுங்காக ஒலித்துக்கொண்டிருந்த வலப்பக்கப் பெட்டி திடீரென்று ஊமையானது. அதன் முகப்பிலுள்ள நீல விளக்கும் அணைந்தது. பின்புறத்தைக் கையால் தட்டியதும் உயிர்பெற்று ஐந்து நிமிடம் ஒலித்து, மறுபடியும் நின்றது. கோயில் நிர்வாகியான வண்ணக்கர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பத்தொன்பது நாட்கள் கழித்து, கல்லடியில் ஒரு கலியாண மண்டபத்தில் இரண்டாவது பெட்டி அச்சொட்டாக அதே முறையில் நின்றது. கோயிலில் வாடகை ஜெனரேற்றர். மண்டபத்தில் மின்சார சபையின் இணைப்பு.

இரண்டையும் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்று வாரங்களின் பின்னர், "மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் கடற்காற்றின் உப்பும் காரணமான பாவனைக் குறை; உத்தரவாதம் பொருந்தாது" என்ற ஒற்றை வரிக் கடிதத்துடன், திருத்தப்படாமலேயே அவை திரும்பி வந்தன. திருத்துவதானால் பெட்டி ஒன்றுக்கு 38,000 ரூபாய் கேட்கிறார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்தான். ஆனால் மற்ற இரண்டு பெட்டிகளும் அடுத்த சடங்கில் இதே மாதிரி நின்றால் என் பெயர் என்னாவது? ஒரு பழுது உற்பத்தியில் வந்ததா, நாங்கள் பாவித்த முறையில் வந்ததா என்பதை எப்படிப் பிரித்தறிவது, அதை எப்படி நிறுவுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கல்முனைத் திருத்துநர்

தம்பிக்கு வணக்கம். இருபத்திரண்டு வருடங்களாகக் கல்முனையில் அம்ப், மிக்சர் திருத்தி வருகிறேன். நீங்கள் எழுதியதில் எல்லாவற்றையும் விட முக்கியமான தகவலை நீங்களே போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள்: தட்டியதும் உயிர்பெற்றது. மின்னழுத்தம் கூடி எரிந்துபோன ஒரு பெட்டி தட்டினால் எழும்பாது. எரிந்த பாகம் எரிந்ததுதான். தட்டும்போது வேலை செய்து, சூடேறியதும் மீண்டும் நிற்பதென்றால், எங்கோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று பொருள். நாங்கள் "ட்ரை சோல்டர்" என்று சொல்லுவது பெரும்பாலும் இதைத்தான்.

மின்னழுத்தத்தால் வந்த சேதம் சாட்சியை விட்டுவிட்டே போகும். பெட்டிக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், நீல நிறத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் வரிஸ்டர் என்று ஒரு பாகம் இருக்கும். மின்னழுத்தம் எல்லை மீறினால் அது தன்னைப் பலி கொடுத்துப் பியூசை எரிக்கும். வெடித்திருந்தால் சுற்றிலும் கரி படிந்திருக்கும். கண்ணாடிப் பியூசைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கறுப்பும் வெள்ளிப் பூச்சும் படிந்திருந்தால் பெரிய மின்னோட்டம் ஒரே கணத்தில் பாய்ந்திருக்கிறது. கம்பி மட்டும் நடுவில் அமைதியாக அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் அது வேறு கதை. பியூஸ் எரியவேயில்லை என்றால், மின்னழுத்தத்தின் மீது பழி போடுவதற்கு முன்னர் அவர்கள் இன்னும் நிறைய விளக்கவேண்டும்.

உப்பும் அப்படித்தான். எங்கள் கரையோரத்தில் உப்புக்காற்று ஒரு பெட்டியைத் தின்னுமென்றால், காற்று புகும் துளைகளுக்குப் பக்கத்திலும் திருகாணித் தலைகளிலும் பிளக்குகளின் முட்களிலும்தான் முதலில் தொடங்கும். செப்பு பச்சை பூக்கும், நாகப் பூச்சு வெள்ளைப் பொடியாகும். எட்டு மாதத்தில் உப்பு உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் போர்டைச் சாகடித்திருந்தால் அதன் தடயம் பெட்டி முழுவதும் பரவிக் கிடக்கவேண்டும். உப்பு வந்து ஒரேயொரு முள்ளை மட்டும் தேடிப் பிடித்துக் கடிக்காது.

உற்பத்திக் குறை வேறு விதமாக நடந்துகொள்ளும்: ஒரே பாகம், ஒரே இடம், ஏறத்தாழ ஒரே வயது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் கணினித் தாய்ப்பலகைகளில், மின்னைத் தேக்கி வைக்கும் கொண்டென்சர்கள் கூட்டம் கூட்டமாக வீங்கி வெடித்தது சிலருக்கு நினைவிருக்கலாம். அவற்றுக்குள் நிரப்பிய மின்பகு திரவத்தின் கலவை பிழைத்ததால் உள்ளே வாயு உருவாகித் தலை உப்பியது. எந்த நாட்டில், எந்த மின்சாரத்தில் பாவித்தாலும் அதே கொண்டென்சர்தான் போனது. அப்படிப்பட்ட ஒழுங்கு உங்கள் இரண்டு பெட்டிகளிலும் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். பெட்டியைத் திறப்பதற்கு முன் மீண்டும் இங்கே எழுதுங்கள், ஏனெனில் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

அக்கரைப்பற்று வயரிங்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் மின்னிணைப்பு வேலை செய்பவன். ஸ்பீக்கரின் உட்புறம் எனக்குத் தெரியாது, மின்சாரம் வரும் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இறக்குமதியாளர் "மின்னழுத்த ஏற்றத்தாழ்வு" என்று எழுதியதை முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம். கோயில்களில் நான் கண்ட ஒலிச் சேதங்களில் கூடுதலானவை நியூட்ரல், அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வயர், கழன்றதால் வந்தவை. மூன்று பேஸ் ஜெனரேற்றரில் நியூட்ரல் வயர் தளர்ந்தால், 230 வோல்ற் இருக்கவேண்டிய இடத்தில் சுமை குறைந்த பேசில் மின்னழுத்தம் 400 வோல்ற்றை நோக்கி ஏறும். சுமை கூடிய பேசில் விளக்குகள் மங்கும். அன்றைய இரவு பந்தலில் சில விளக்குகள் திடீரென்று பளிச்சென்று எரிந்து சில மங்கினவா? மிக்சர், கைப்பேசி சார்ஜர், ஐஸ்கிரீம்காரரின் பெட்டி என்று அதே இணைப்பிலிருந்த வேறு ஏதாவது பழுதானதா? நியூட்ரல் போனால் ஒரு பெட்டி மட்டும் தனியாகச் சாகாது, அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

மின்சார சபையின் விநியோகத்துக்கு 230 வோல்ற்றிலிருந்து 6 சதவீதம் கூடியும் குறைந்தும் போகலாம் என்ற எல்லை உண்டு. அதாவது 216 முதல் 244 வரை. 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில், மின்சாரம் திரும்பி வரும் அந்த நொடியில் எத்தனை குளிர்சாதனப் பெட்டிகள் போயின என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே மண்டபத்தில் மின்சார சபையின் இணைப்பு என்பதால் அங்கு மின்சாரத்தில் குறையே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இனிமேல் ஒவ்வொரு வேலைக்கும் பெட்டிகளைச் செருகுவதற்கு முன் மல்ரிமீற்றரால் அளந்து, அளவையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, மீற்றரின் திரையைப் படமெடுத்து வையுங்கள். அளந்து வைக்காதவரின் வாய்ப்பேச்சு கொழும்பில் எடுபடாது.

புளியந்தீவுப் பாடகர் குழு

வணக்கம். மட்டக்களப்பில் ஒரு தேவாலயத்தின் ஒலி அமைப்பைப் பதினான்கு வருடங்களாகப் பொறுப்பேற்று நடத்துகிறேன். கல்முனை அண்ணாவின் விளக்கம் அருமையானது. ஆயினும் ஒரு விடயத்தில் அவசரப்படவேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன். இரண்டு பெட்டிகள் ஒரே மாதிரிப் பழுதாவது உற்பத்திக் குறைக்குச் சான்றாகலாம். அதே அளவுக்கு, இரண்டும் ஒரே கையால் ஒரே மாதிரிப் பாவிக்கப்பட்டதற்கும் சான்றாகலாம். அவை ஒரே லொறியில், ஒரே குழி விழுந்த வீதியில் போனவை. ஒரே அறையில் மாரிமழை முழுவதும் கிடந்தவை. ஒரே இளைஞர்களால் இறக்கி ஏற்றப்பட்டவை. இறக்குமதியாளரின் இடத்தில் நானிருந்தால் இதைத்தான் முதலில் கேட்பேன். ஆகவே பழுதான இரண்டை விட, பழுதாகாத மற்ற இரண்டும்தான் உங்களுக்குப் பதில் சொல்லும். அவற்றின் தொடர் இலக்கங்கள் என்ன? அவையும் அதே அளவு வேலைக்குப் போனவையா?

வடிவமைப்புக் குறை என்று மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் வாங்கிய ஒரு மிக்சரில், கணினியை இணைத்தால் ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. விற்றவர்கள் நல்ல மனிதர்கள். இரண்டு தடவை புதிதாகவே மாற்றித் தந்தார்கள். மூன்றாவது மிக்சரிலும் அதே இரைச்சல். மாற்றி என்ன பயன், எல்லாமே அப்படித்தான் வரையப்பட்டிருந்தன. ஒலி வயர்களின் மூன்று முள் பிளக்கில் முதலாம் முள், அதாவது வயரின் கவசம், கருவியின் உலோகக் கூட்டோடு நேரே சேரவேண்டும். அதைப் போர்டின் உட்பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், வயரில் வரும் மின்காந்த இரைச்சல் ஒலிக்குள் கலந்துவிடும். நீல் மன்சி என்பவர் 1995ஆம் ஆண்டு ஓடியோ எஞ்சினியரிங் சொசைற்றியின் ஆய்விதழில் இதை விரிவாக எழுதினார்; 2005ஆம் ஆண்டு அந்தச் சங்கமே இதற்கென ஒரு தரநியமத்தையும் வெளியிட்டது. அதற்குப் பின்னரும் அந்தப் பிழையோடு கருவிகள் வருகின்றன என்பது எனக்குத் தீராத எரிச்சல். உங்கள் பெட்டிகளில் இருப்பது வடிவமைப்புக் குறையென்றால், போர்டை மாற்றித் தந்தாலும் அடுத்த எட்டாவது மாதத்தில் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள். எனவே "மாற்றித் தாருங்கள்" என்று கேட்பதற்கு முன்னர், எதை மாற்றப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

பழைய கருவிகள்தான் உறுதியானவை, இப்போது வருபவை எல்லாம் குப்பை என்று யாராவது இங்கே எழுதுவதற்கு முன்னர் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேவாலயத்தில் முப்பது வருடப் பழைய அம்ப் ஒன்று இன்றும் ஓடுகிறது. அதோடு வாங்கிய மற்ற மூன்றும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. நின்றதை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழுகிறோம். அந்தப் பழைய கருவிகளில் கொண்டென்சரை அசையாமல் பிடிக்க ஊற்றிய மஞ்சள் பசை, வருடக்கணக்கில் சூடுபட்டு மண்ணிறமாகி, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, பக்கத்துக் கம்பிக் கால்களை அரித்துத் தின்றதை நானே பார்த்திருக்கிறேன். அதுவும் உற்பத்திக் குறைதான்; வெளியே தெரிய இருபது வருடம் எடுத்தது, அவ்வளவுதான்.

வட்டைக்காற்று

அம்பாறையிலிருந்து எழுதுகிறேன். ஏன் இவ்வளவு யோசனை? ட்ரை சோல்டர் என்றால் திறந்து மீண்டும் ஈயம் வைத்துவிட்டால் முடிந்தது. கடிதம் எழுதி, வாதாடி, காத்திருக்கும் நேரத்தில் இரண்டு சடங்குக்குப் போய்ச் சம்பாதித்துவிடலாம்.

கல்முனைத் திருத்துநர்

வட்டைக்காற்று தம்பி சொல்வது தொழில்காரனின் நியாயம். ஆனால் ஈயம் வைத்த கணத்தில் சான்று அழிந்துவிடும். பிறகு அந்த இணைப்பு எப்படி இருந்தது என்று யாராலும் காட்ட முடியாது. அதோடு, சூடேறி விட்டுவிட்டுத் தொட்ட இணைப்பு பக்கத்திலிருந்த றான்சிஸ்ரரையும் கெடுத்திருந்தால், அதற்கு மாற்றுத் தேடிக் கடைக்கு ஓடவேண்டும். அங்கே கிடைப்பவற்றில் போலி எத்தனை என்பது எங்களுக்குத்தான் தெரியும். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற றான்சிஸ்ரர்ச் சோடியை அம்ப் திருத்துகிற எவரும் அறிவார். 230 வோல்ற், 15 அம்பியர் தாங்கவேண்டிய பாகம் அது. மேலே எழுத்து ஒழுங்காக அச்சிடப்பட்ட ஒன்றை நான் உடைத்துப் பார்த்தபோது, உள்ளே இருந்த சில்லு அசலின் அரைவாசிகூட இல்லை. வீட்டில் மெதுவாக ஒலிக்கும்வரை ஓடும். சடங்கு இரவில் சத்தத்தைக் கூட்டியதும் எரியும், எரியும்போது ஸ்பீக்கரின் கொயிலையும் கூட்டிக்கொண்டு போகும்.

புளியந்தீவு அக்காவின் மறுப்பு சரியானது, ஏற்றுக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் பாராமல் நான் முடிவு சொல்லக்கூடாது.

தம்பி, உத்தரவாதத்தை அவர்களே எழுத்தில் மறுத்துவிட்டதால் இப்போது திறப்பதில் நீங்கள் இழக்க ஒன்றுமில்லை. முத்திரை ஒட்டியிருந்தால், அது கிழியாமல் இருப்பதையும் தொடர் இலக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்துவிட்டு, திறப்பதை ஆரம்பம் முதல் இடைவெளியின்றி ஒளிப்பதிவு செய்யுங்கள். மின்சாரத்தைக் கழற்றியவுடன் கையை உள்ளே விடவேண்டாம். இந்த வகை மின்வழங்கியில் பெரிய கொண்டென்சர் 325 வோல்ற்றையோ அதற்கும் கூடவோ தேக்கி வைத்திருக்கும். கழற்றிய பின்னும் அது ஆளை வீழ்த்தப் போதுமானது. ஓர் இரவு அப்படியே வையுங்கள். அதன் பின்னரும் மீற்றரால் அளந்து, மிச்சம் இருந்தால் தகுந்த ரெசிஸ்ரர் ஒன்றின் மூலம் வடித்து, மீற்றர் பூச்சியம் காட்டிய பிறகே தொடுங்கள். பழக்கமில்லையென்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம்.

பார்க்கவேண்டியது போர்டின் அடிப்பக்கம். பாரமான பாகங்களின் முட்களை மட்டும் பாருங்கள்: ட்ரான்ஸ்போமர், சோக் (மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டும் கம்பிச்சுருள்), பெரிய கொண்டென்சர், பின்புறப் பிளக்குகள். ஏன் பாரமானவை என்றால், ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் போர்டு நாள் முழுவதும் குலுங்கிக்கொண்டே இருக்கிறது. அலுமாரியில் தனியாக வைக்கும் அம்புக்கு இந்தத் தண்டனை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பாவில் 2006ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி முதல் மின்னணுச் சாதனங்களில் ஈயத்துக்குத் தடை வந்ததும், உலகமெங்கும் தொழிற்சாலைகள் ஈயமில்லாத கலவைக்கு மாறின. பழைய வெள்ளீய-ஈயக் கலவை 183 பாகை செல்சியசில் உருகும். புதியது உருக ஏறத்தாழ 217 பாகை வேண்டும். தடித்த முள்ளும் அகலமான செப்புத் தடமும் சந்திக்கும் இடத்தில் அந்தச் சூடு போதாமல் போனால், உலோகம் மேலோட்டமாகப் படிந்து, பார்வைக்கு நல்ல இணைப்பாகத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. புதிய கலவை கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. அதைச் சரியாகக் கையாளும் தொழிற்சாலையின் கருவி வருடக்கணக்கில் ஓடுகிறது. கையாளாததுதான் குறை.

களுவாஞ்சிகுடி ஒலிக்காரன்

இரண்டு வாரம் எழுதாததற்கு மன்னிக்கவும். அண்ணா சொன்னபடி செய்துவிட்டுத்தான் எழுதவேண்டும் என்று இருந்தேன்.

முதலில் அக்கரைப்பற்றுக் காக்காவின் கேள்விக்குப் பதில். ஜெனரேற்றர்காரரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் விசாரித்தேன். அன்றிரவு விளக்குகளில் மாற்றமில்லை. அதே நீட்டிப்பு வயரில் இருந்த என் மிக்சரும் மற்றப் பெட்டியும் விடியும்வரை ஓடின. இரண்டு பெட்டிகளிலும் பியூஸ் எரியவில்லை, கண்ணாடி தெளிவாக இருக்கிறது. வரிஸ்டர் பளிச்சென்று புதிதாகவே இருக்கிறது.

பெட்டிகளைத் திறந்து, போர்டை வெளியே எடுத்து, மீற்றரில் பூச்சியம் பார்த்த பின்னர் புரட்டினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பளபளவென்று அழகாக இருந்தன. என் மகளின் பாடசாலை உருப்பெருக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மின்சாரம் நுழையும் பக்கத்திலிருக்கும் பெரிய சோக்கின் நான்கு முட்களில் ஒன்றைச் சுற்றி, ஈய மேட்டின் நடுவில், நகத்தால் கீறியது போல ஒரு கரிய வட்டம். பல்லுக்குத்தியால் முள்ளை மெல்லத் தள்ளினேன். அது அந்த வட்டத்துக்குள் ஆடியது. இரண்டாவது பெட்டியைத் திறந்தேன். அதே சோக், அதே மூலை, அதே முள். வட்டத்தின் ஓரம் இங்கே சற்றுக் கருகியும் இருந்தது.

பிறகு அக்கா கேட்டபடி, பழுதாகாத இரண்டையும் திறந்தேன். மூன்றாவதில் அதே முள்ளில் அரைவட்டமாக ஒரு கீறல் தொடங்கியிருக்கிறது. பெட்டி இன்னும் ஓடுகிறது. நான்காவதில் ஒன்றுமேயில்லை. இத்தனைக்கும் அந்த நான்காவது பெட்டிதான் எல்லாவற்றிலும் கூடுதலாக வேலைக்குப் போனது. சின்னச் சின்ன நிகழ்வுகளுக்குத் தனிப்பெட்டியாக அதைத்தான் ஓட்டோவில் வைத்துக் கொண்டுபோவேன். ஒரு தடவை முனைக்காட்டில் மழையிலும் நனைந்தது. நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகள்தான் வேறுபாட்டைக் கண்டுபிடித்தாள்: "அப்பா, இதில மட்டும் வெள்ளைக் களி பூசியிருக்கு." நான்காவது பெட்டியில் சோக்கின் அடியைச் சுற்றி வெள்ளைச் சிலிக்கன் பசை தாராளமாக ஊற்றப்பட்டு, அது போர்டோடு அசையாமல் பிடித்திருக்கிறது. மற்ற மூன்றிலும் அந்தப் பசை துளிகூட இல்லை. முதல் மூன்றின் தொடர் இலக்கங்களும் அடுத்தடுத்தவை. நான்காவதன் இலக்கம் அவற்றிலிருந்து எங்கோ தள்ளி இருக்கிறது. போர்டின் மேல் அச்சிடப்பட்ட இலக்கம் நான்கிலும் ஒன்றே.

உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். திருகாணிகளில் துரு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான்கிலும் ஒரே அளவில் இருக்கிறது. போர்டில் எங்கும் பச்சையோ வெள்ளைப் பொடியோ இல்லை.

புளியந்தீவுப் பாடகர் குழு

என் ஐயம் தீர்ந்தது. ஒரே லொறி, ஒரே அறை, ஒரே கைகள். கூடுதலாக உழைத்தது தப்பியது, பசை இல்லாத மூன்றிலும் கீறல் விழுந்தது. வரைந்தவருக்குப் பசை வேண்டுமென்று தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் நான்காவதிலும் இருந்திருக்காது. ஒரு தொகுதியில் அந்த ஒரு வேலை விடுபட்டிருக்கிறது. எனவே இது வடிவமைப்புக் குறையல்ல, பச்சையான உற்பத்திக் குறை. பசையோடு வரும் போர்டை வாங்கினால் உங்கள் சிக்கல் தீரும். மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

கடிதத்தில் கோபமாக ஒரு சொல்லும் எழுதவேண்டாம். நான்கு இலக்கங்கள், நான்கு படங்கள், திகதிகள், அவர்களின் ஒற்றை வரிக் கடிதத்தின் பிரதி ஆகியவை போதும். அதற்கும் அசையாவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். தாமதிக்காமல் செய்யுங்கள்.

களுவாஞ்சிகுடி ஒலிக்காரன்

அதிகார சபை வரை போகவேண்டியிருக்கவில்லை. கடிதமும் படங்களும் போய்ச் சேர்ந்த ஆறாவது நாள், இறக்குமதியாளரின் சேவைப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார். மரியாதையாகவே பேசினார். வேறு இரண்டு இடங்களிலிருந்தும் இதே பெட்டி வந்திருப்பதாகவும், ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்ததால் தங்களுக்கு அது ஒரே பழுதென்று படவில்லை என்றும் சொன்னார். இரண்டு போர்டுகள் இலவசமாக வந்து சேர்ந்துவிட்டன; பூட்டுவதற்கு முன்னர் பார்த்தேன், இரண்டிலும் வெள்ளைப் பசை இருக்கிறது.

மூன்றாவதில்தான் இழுபறி. "இன்னும் ஓடுகிற பெட்டியை நாங்கள் எப்படிப் பழுதென்று ஏற்பது?" என்று கேட்கிறார். உத்தரவாதம் முடிய இன்னும் இரண்டு மாதங்களே இருக்கின்றன. அதற்குள் அது நிற்கவேண்டுமென்று அம்மனிடம் நேர்த்தி வைக்கவா, நிற்கக்கூடாதென்று வைக்கவா என்று தெரியாமல் இருக்கிறேன். அந்தக் கீறல் குறையென்று பெட்டி நிற்பதற்கு முன்னரே காட்ட வழி உண்டா?

கல்முனைத் திருத்துநர்

உண்டு. என் மேசையில் பெட்டியை இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டுச் சூடாக்கி, உலர்ந்த மூங்கில் குச்சியால் அந்தச் சோக்கை மெல்லத் தட்டினால், கீறல் எவ்வளவு ஆழமென்று விளக்கே சொல்லிவிடும். கண் சிமிட்டினால் ஒளிப்பதிவு செய்து அனுப்புவோம். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்கிற வேலை என்பதால் இதை வீட்டில் முயலவேண்டாம். சனிக்கிழமை காலை கடையில் இருப்பேன். சிமிட்டாவிட்டால், படத்தை வைத்து உத்தரவாதத்தை அந்த முள்ளுக்கு மட்டும் ஆறு மாதம் நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். போர்டு மாற்றுவதை விட அது அவர்களுக்கு மலிவு, ஒத்துக்கொள்ளக்கூடும்.

அக்கரைப்பற்று வயரிங்

சனிக்கிழமை கல்முனையில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. நானும் வந்து பார்க்கலாமா? வேறு எந்த வயருக்கும் எனக்குப் பயமில்லை, ஸ்பீக்கருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும்தான்.

களுவாஞ்சிகுடி ஒலிக்காரன்

கட்டாயம் வாருங்கள் காக்கா. அண்ணா, ஒப்பிட்டுப் பார்க்க நான்காவது பெட்டியையும் கொண்டுவரவா?

கல்முனைத் திருத்துநர்

கொண்டுவாருங்கள். உருப்பெருக்குக் கண்ணாடியையும் மறக்கவேண்டாம், என்னுடையது உடைந்துவிட்டது.